அறுபத்தோராம் பக்கம்

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தமிழ்செல்வி எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்த பூத் அது. தொண்ணூற்று நாலாம் வருஷம் அதில் ஒரு ஃபேக்ஸ் மெஷினும் சேர்ந்தது. அந்தப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஊரிலிருந்து வரும் சேதியெல்லாம் அதன் வழியாகத்தான் வந்தது. யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு விவாகரத்து ஆயிற்று, யாருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பதெல்லாம் உரியவர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். வேண்டுமென்று படிப்பதில்லை. சுருண்டு சுருண்டு வெளியே வரும் காகிதத்தை வெட்டிப் பக்கம் பார்த்து அடுக்கியாக வேண்டும். கண்ணில் படாமல் எப்படி அடுக்குவது?

யோஹன்னாவுக்கு மட்டும் அதுவரை ஒரு காகிதமும் வந்ததில்லை. ஹாலந்துக்காரி, எழுபத்தொரு வயது. எண்பத்தொன்றில் ஆசிரமம் பார்க்க வந்தவள், திரும்பிப் போகவில்லை. பூத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு மாடியறையில் தனியாக இருந்தாள். தமிழைக் காய்கறிக்காரியிடமும் பஸ் கண்டக்டரிடமும் கற்றுக்கொண்டிருந்தாள். மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்று எல்லாரிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள். வழியில் படுத்திருக்கும் கன்றுக்குட்டியிடம்கூட, “கொஞ்சம் நகருங்க” என்பாள்.

தொண்ணூற்றாறு பிப்ரவரியில் ஒரு மதியம், ஒன்றரை மணிக்கு மேல், அவள் பெயருக்கு ஃபேக்ஸ் வரத் தொடங்கியது. நிற்கவே இல்லை. பதினாலு பக்கம். தமிழ்செல்வி ஆள் அனுப்பி வரச் சொன்னாள். யோஹன்னா வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மேலே இருந்த கடிதத்தை முதலில் படித்தாள்.

“யாரும்மா அனுப்பியிருக்காங்க?”

“அண்ணன் பையன். ஹென்ட்ரிக். கம்பெனிக்கு நூத்தம்பது வருஷம் ஆச்சு. புத்தகம் போடறாங்க. எங்க அப்பா காலத்து ஆளுங்கள்ல நான் ஒருத்திதான் மிச்சம். தப்பு இருந்தா திருத்தித் தரணுமாம்.”

“இன்னா கம்பெனி?”

யோஹன்னா இரண்டு விரலைச் சேர்த்து வாயருகே வைத்து, புகை இழுப்பதுபோல் காட்டினாள். “சிகரெட் இல்லீங்க. பைப். அப்புறம் பைப்ல போடற புகையிலை.”

பதினைந்து வருஷமாக அந்தத் தெருவில் கீரை வாங்கிக்கொண்டு நடந்து போகிறவள் ஒரு கம்பெனி வீட்டுப் பெண் என்பது அன்றுதான் தமிழ்செல்விக்குத் தெரிந்தது.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. அவர்களுடைய பைப்பை ஜாஸ்தி வாங்கியவர்கள் இங்கிலாந்துக்காரர்களும் அமெரிக்கர்களுமாம். அதனால் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. தமிழ்செல்வி பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். யோஹன்னா படித்து முடித்த பக்கங்களைத் தயக்கமில்லாமல் அவளிடம் கொடுத்துவிடுவாள். கூட்டம் இல்லாத மதியங்களில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ்செல்வி அதைப் படித்தாள்.

முதலில் களிமண் பைப். ஃபான் எல்சன் என்ற குயவர், ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறில் கால்வாய்க் கரையில் சூளை போட்டு, முழ நீளத்துக்கு வெள்ளைக் களிமண் பைப் சுட்டு, சாராயக் கடைகளுக்கு விற்றிருக்கிறார். கை தவறினால் உடைந்துவிடும். உடைந்தால் இன்னொன்று வாங்குவார்கள். அதனால் வியாபாரம் நன்றாக நடந்தது. அவர் மகன் மரத்துக்கு மாறினார். என்ன மரம் என்று அகராதியைப் பார்த்தால் முட்செடி என்று போட்டிருந்தது.

“முள்ளுச் செடியில பைப் எப்படிம்மா செய்வாங்க?”

“செடி இல்ல. வேர். மண்ணுக்கு அடியில தலை அளவு கட்டியா இருக்கும். அதை எடுத்துட்டு வந்து பெரிய செப்புக் கொப்பரையில வேக வைப்பாங்க. அப்புறம் ரெண்டு வருஷம், மூணு வருஷம் நிழல்ல காய வைக்கணும். அது நெருப்புல எரியாதுங்க. அதனாலதான் அது.”

மூன்றாம் தலைமுறையில் புகையிலை வந்தது. ஜாவாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் இலைக்கட்டுகள் கப்பலில் வந்து இறங்கின. நடு நரம்பை உரித்து எடுத்துவிட்டு இலையை மட்டும் வெட்டி, நாரைப் படம் போட்ட டப்பாவில் அடைத்தார்கள். நரம்பு உரிக்கிற வேலை பெண்களுக்கு. ஆலையின் மேல்மாடியில் முப்பது நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து உரிப்பார்களாம். தமிழ்செல்விக்கு அதைக் கற்பனை செய்வதில் கஷ்டம் இருக்கவில்லை. அவள் சித்தி குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறாள்.

அந்த மாதக் கடைசியில் யோஹன்னாவின் அப்பா காலத்து அத்தியாயம் வந்தது. யோஹன்னா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தவள், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். திரும்பத் திரும்ப அதையே பார்த்தாள். பிறகு, “பென்சில் இருக்குங்களா?” என்று கேட்டு வாங்கி, ஒரு வரியை நீளமாக அடித்தாள். ஓரத்தில் எழுதினாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் உடனே அனுப்பச் சொன்னாள்.

மெஷினில் செருகும்போது தமிழ்செல்வி பார்த்தாள். அறுபத்தோராம் பக்கம். ‘1937 மார்ச்சில் ஏற்பட்ட தீயில் பழைய கட்டடத்தின் மேல்மாடி எரிந்தது, இறைவன் அருளால் உயிர்ச்சேதம் ஏதுமில்லை’ என்ற வரி அடிபட்டிருந்தது. ஓரத்தில், ‘மூன்று பெண்கள் இறந்தார்கள். அன்னா ஸ்மீட்ஸ், கிரீட் போஸ். மூன்றாவது பெயர் எனக்குத் தெரியவில்லை’ என்று இருந்தது.

பதில் இரண்டு நாளில் வந்தது. யோஹன்னா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய் ஹாலந்துக்குப் போன் போட்டாள். அவர்கள் மொழி தமிழ்செல்விக்குப் புரியாது. ஆனால் யோஹன்னா குரலை உயர்த்தாமல் ஒரே சொல்லை நாலைந்து தடவை சொன்னதையும், கடைசியில் எதிர்ப்பக்கம் பேசிக்கொண்டே இருக்க அவள் வெறுமனே ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தாள்.

வெளியே வந்தவள், “அந்த வருஷத்துச் சம்பளப் புத்தகத்தைப் பார்த்தாராம். அந்தப் பேர் ரெண்டும் இல்லையாம்,” என்றாள். “அவங்க தினக்கூலிங்க. பேர் எழுத மாட்டாங்க. பேப்பர்லயும் யாரும் சாகலன்னுதான் போட்டிருக்காங்களாம். உங்களுக்கு அப்ப பன்னெண்டு வயசு, சரியா ஞாபகம் இருக்காதுங்கறார். நல்ல பையன்தான். மரியாதையாத்தான் சொன்னார்.”

“உங்களுக்கு ஞாபகம் இருக்குதாம்மா?”

யோஹன்னா உட்கார்ந்தாள். 

“மதியம். நாங்க வீட்ல சாப்பிட்டுட்டு இருந்தோம். புகையைப் பார்த்துட்டு அப்பா எழுந்து ஓடினார். மேல்மாடிக் கதவு வெளிய பூட்டியிருந்துதுங்க. பொம்பளைங்க புகையிலையைத் துணிக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போறாங்கன்னு அப்பா பூட்டச் சொல்லிட்டார். ஜன்னல் வழியா நிறைய பேர் குதிச்சுத் தப்பிச்சாங்க. மூணு பேர் முடியல. எங்க வீட்டு வேலைக்காரம்மா சமையலறையில அழுதுட்டே ரெண்டு பேரோட பேரைச் சொன்னாங்க. அதுதான் எனக்குத் தெரியும்.” பிறகு, “சாவி அப்பாவோட கோட்டுப் பாக்கெட்ல இருந்தது. கோட்டு எங்க வீட்ல, நாற்காலி மேல இருந்தது. கோட்டு இல்லாம ஓடிட்டார். நான்தான் அதைப் பார்த்தேன்,” என்றாள்.

தமிழ்செல்வி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். தனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

“எங்கப்பா பேரு சடையன். கீழ்பென்னாத்தூர்ல ரைஸ் மில்லுல நெல்லு அவிக்கற வேலை. எழுபத்தொம்போதுல பாய்லர் வெடிச்சி செத்துட்டாரு. மில்லுக்காரங்க, அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட வேலை செய்யலன்னுட்டாங்க. நோட்டுல பேரு இல்ல. எங்கம்மா ஒரு மாசம் அலைஞ்சாங்க. அப்புறம் ஒரு வாத்தியார் சொன்னாரு, வேலைக்குப் போன எடத்துல எழுதலன்னா இன்னா, செத்ததை எழுதியிருப்பாங்க இல்ல, போய்ப் பாருங்கன்னு. அப்பல்லாம் ஊர்ல அதை எழுதறது மணியக்காரர்தான். அவர் நோட்டுல, சடையன், வயசு முப்பத்தி நாலு, மில்லு பாய்லர் வெடிச்சி மரணம்னு தெளிவா எழுதியிருந்தாரு. அதைக் காட்டினதும் யாரும் இல்லன்னு சொல்ல முடியல.”

யோஹன்னா அவளையே பார்த்தாள்.

“உங்க ஊர்ல பொறப்பு எறப்பு எழுதற நோட்டு இருக்காதாம்மா?”

“இருக்கும்,” என்றாள் யோஹன்னா மெதுவாக. “நகராட்சியில இருக்கும். நான் அதை நினைக்கவே இல்லைங்க.”

நகராட்சி நம்பர் கிடைக்க இரண்டு நாள் ஆனது. யோஹன்னா பழைய பள்ளித் தோழி ஒருத்திக்குப் போன் போட, அந்தத் தோழி டைரக்டரியைப் பார்த்துச் சொன்னாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு மார்ச் மாதம் இறந்த அந்த ஆலைத் தொழிலாளிகளின் பதிவு வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினார்கள். ஐம்பது வருஷம் தாண்டிய பதிவு என்பதால் யார் கேட்டாலும் தரலாம், தேடி அனுப்புகிறோம் என்று மறுநாளே பதில் வந்தது.

அப்புறம் ஒன்றும் வரவில்லை. மாசிப் பௌர்ணமி வந்தது. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் மதியத்திலிருந்தே ரோட்டை அடைத்துக்கொண்டது. பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம் என்று வீட்டுக்குச் சொல்ல பூத் வாசலில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். பூத்துக்கு ஒரே லைன்தான். யாராவது பேசிக்கொண்டிருந்தால் ஃபேக்ஸ் உள்ளே வராது. ஒன்றரை மணி ஹாலந்தில் ஆபீஸ் திறக்கும் நேரம்; தமிழ்செல்வி எழுந்து, “ஒரு மணி நேரம் லைன் கெடைக்காதுங்க, வெளிநாட்டு ஃபேக்ஸ் வர்ற நேரம்,” என்றாள். மடி வேட்டியோடு நின்ற ஒருவர் சத்தம் போட்டார். பக்கத்து வாடகை சைக்கிள் கடை சகாதேவன் எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, பௌர்ணமி அன்னிக்குப் போயி பூத்தை மூடுறியே,” என்றான். வரிசை கலைந்து அடுத்த பூத்துக்குப் போனது.

அன்று ஒன்றும் வரவில்லை. மறுநாள் அதே நேரத்தில் லைனை விட்டுவைத்த பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

பழைய கையெழுத்தில் எழுதிய பதிவேட்டின் நகல்கள். தமிழ்செல்விக்குப் பெயர்களும் எண்களும்தான் தெரிந்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாள். அவள் வெட்டி அடுக்கினாள். மூன்று தாள் வந்தபின் மெஷின் நிற்கும் என்று எதிர்பார்த்தாள். நாலாவதும் வந்தது.

யோஹன்னா முதல் மூன்றை நின்றுகொண்டே படித்தாள். “அன்னா ஸ்மீட்ஸ். இருபத்தி மூணு. கிரீட் போஸ், நாற்பது. யாகோபா விசர். இதுதான் மூணாவது. முப்பத்தி ஒண்ணு.” நாலாவது தாளை எடுத்தாள். அதில் தேதி வேறாக இருந்தது. பதினோரு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில். யோஹன்னா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“யாரும்மா?”

“மீனா.”

தமிழ்செல்விக்கு ஒரு கணம் புரியவில்லை. “மீனாவா? அங்கயும் அப்படிப் பேரு வைப்பாங்களா?”

“வில்ஹெல்மினா. நாங்க மீனான்னுதான் கூப்பிடுவோம். மீனா டெக்கர். எங்க வீட்டுக்குத் துணி துவைக்க வர்ற அம்மாவோட பொண்ணு. பதினாறு வயசு. எனக்கு சைக்கிள் கத்துக் கொடுத்தாங்க. தீப்பிடிச்ச அப்புறம் அவங்களை நான் பார்க்கல. எங்கன்னு கேட்டதுக்கு, பெல்ஜியத்துல வேலை கிடைச்சுப் போயிட்டாங்கன்னு அப்பா சொன்னார்.” தாளைத் திருப்பி மடிமேல் வைத்தாள். “கடிதம் போடுவாங்கன்னு ரொம்ப நாள் பார்த்தேன். போடலைன்னு அவங்க மேல எனக்குக் கோபமா இருந்ததுங்க. ரொம்ப வருஷம் இருந்தது.”

அவள் அழவில்லை. ஆனால் வீட்டுக்கு எழுந்து போகவும் இல்லை. தமிழ்செல்வி மூன்று பேருக்குப் போன் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். யோஹன்னா அதே நாற்காலியில் இருந்தாள். நாலு மணிக்குப் பேனா கேட்டு வாங்கி எழுத ஆரம்பித்தாள். நாலு பெயர், நாலு வயது, கதவு வெளியே பூட்டியிருந்தது என்ற விவரம், எல்லாமாக ஒரு பக்கம். பதிவேட்டு நகல்களையும் சேர்த்து ஹென்ட்ரிக்குக்கு அனுப்பச் சொன்னாள். செருகும்போது தமிழ்செல்வி அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தாள். சாவியைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பெற்ற அப்பா ஆயிற்றே என்று விட்டுவிட்டாள்.

நாலு நாள் கழித்து ஹென்ட்ரிக்கே பூத்துக்குப் போன் செய்தான். யோஹன்னா சந்தைக்குப் போயிருந்தாள்.

“நீங்கள்தான் ஃபேக்ஸ் அனுப்புகிறவரா?” என்று நிதானமான இங்கிலீஷில் கேட்டான். “அத்தையிடம் சொல்லுங்கள். நானே நகராட்சிக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஆனால் அந்தப் பக்கங்கள் இதற்குள் அச்சாகிவிட்டன. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறோம்.”

தமிழ்செல்வி அப்படியே சொன்னாள். யோஹன்னா, “சீட்டு கீழே விழுந்துடும்,” என்றாள். அதை மட்டும் ஒரு வரியாக எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை.

செப்டம்பரில் தபாலில் புத்தகம் வந்தது. கனமான அட்டை, மேலே நாரை. யோஹன்னா அதைப் பிரிக்காமல் பூத்துக்கு எடுத்து வந்து, தமிழ்செல்வியிடம் கத்தரிக்கோல் வாங்கி அங்கேயே பிரித்தாள். அறுபத்தோராம் பக்கம் மற்றப் பக்கங்களைவிடக் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. பழைய தாளை வெட்டி எடுத்துவிட்டு, புதிதாக அச்சடித்த தாளை உள் ஓரத்தில் கோந்து போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பிரதியிலும் இப்படித்தான் ஒட்டினோம் என்று ஹென்ட்ரிக் கடிதத்தில் எழுதியிருந்தான். நாலு பெயர்களும் வயதோடு இருந்தன. மேல்மாடிக் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது என்றும் இருந்தது.

“நல்லா செஞ்சிருக்காரும்மா,” என்றாள் தமிழ்செல்வி.

“ஆமாங்க. நான் நினைச்சதைவிட நல்ல பையன்.” யோஹன்னா ஒட்டிய ஓரத்தை விரலால் தடவினாள். “சாவி இல்ல.”

தமிழ்செல்வி கத்தரிக்கோலை எடுத்து மேஜைக்குள் வைத்தாள்.

“நான் எழுதல. எழுதினாத்தானே போடுவார். நீங்க அப்பவே பார்த்தீங்க இல்ல?”

“பார்த்தேன்.”

“ஏன் கேக்கல?”

“உங்கப்பா. எனக்கு இன்னா தெரியும்னு கேக்கறதும்மா?”

யோஹன்னா தலையசைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அக்டோபரில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பக்கம் வந்தது. எழுதியவர் மீனா டெக்கரின் தங்கை மகன். அவருடைய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் புத்தகத்தைப் பற்றிப் போட்டிருந்தார்களாம். அதில் பெரியம்மா பெயரைப் பார்த்து, கம்பெனியில் கேட்டு இந்த நம்பரை வாங்கினாராம். அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. மீனாவின் ஒரே போட்டோ உலகப் போர்க் காலத்தில் வீட்டோடு போய்விட்டது. அக்காவின் முகம் தனக்கு மறந்துவிட்டது என்று அம்மா சொல்கிறார். உங்களிடம் போட்டோ ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால், எப்படி இருப்பார் என்று ஞாபகம் இருக்கிறதா?

போட்டோ இல்லை. யோஹன்னா காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், மூன்று நாள் கழித்து இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். அவர்கள் மொழியில்தான் எழுதியிருந்தாள். தமிழ்செல்வி செருகும் முன், யோஹன்னா தானாகவே தமிழில் சொன்னாள்.

“முடி கறுப்பு இல்ல, மஞ்சள் இல்ல, நடுவுல. மேல் பல் ஒண்ணு கொஞ்சம் முன்னாடி வரும். சிரிக்கும்போது கையால மூடிக்குவாங்க. கை எப்பவும் புகையிலை வாசனை. கழுவினாலும் போகாது. எனக்கு அது பிடிக்கும். எங்கம்மாவுக்குப் பிடிக்காது. உயரம் உங்க அளவு.” இரண்டாவது பக்கத்தின் அடியில் விரல் வைத்தாள். “இங்க சாவி எழுதிட்டேன். எங்க இருந்ததுன்னு. நான் பார்த்தேன், யார்கிட்டயும் சொல்லலன்னு. இவங்களுக்கு அது தெரியணும். ஹென்ட்ரிக்குக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.”

முதல் தடவை பாதியில் லைன் அறுந்துவிட்டது. தமிழ்செல்வி மறுபடி போட்டாள். மறுபடியும் அறுந்தது. மூன்றாவது தடவை இரண்டு பக்கமும் முழுசாகப் போனது. ஹென்ட்ரிக்குக்கு முதல் தடவையிலேயே போய்விட்டது.

தங்கை மகனிடமிருந்து ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஏழெட்டு வரிதான். யோஹன்னா படித்துவிட்டுத் தமிழ்செல்வியிடம் நீட்டினாள். அதை இங்கிலீஷில் எழுதியிருந்தார். பல்லைப் பற்றிப் படித்ததும் அம்மா உடனே, ஆமாம், ஆமாம் என்றார். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். சாவி எங்கே இருந்தது என்பது எங்கள் தெருவில் அப்போதே எல்லாருக்கும் தெரியும். கோட்டு இல்லாமல் உங்கள் அப்பா ஓடி வந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒருவராவது வாய் திறந்து சொல்வார்களா என்பதுதான் அம்மாவுக்கு இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்தது.

தமிழ்செல்வி படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாள். யோஹன்னா காகிதத்தை மடிக்கப் போனாள்.

“மடிக்காதீங்கம்மா. இந்தக் காகிதம் ஒரு வருஷத்துல எழுத்தெல்லாம் அழிஞ்சிடும். பக்கத்துல போயி ஜெராக்ஸ் எடுத்து வச்சிக்குங்க.”

“வெயில் ஜாஸ்தியா இருக்கு. நீங்க வர்றீங்களா?”

“வர்றேன், இருங்க.”

தமிழ்செல்வி லைனைப் பூட்டிவிட்டு, சகாதேவனிடம் பூத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டாள். இருவரும் ரோட்டின் நிழல் பக்கமாக ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார்கள்.